இடது இருபத்திரண்டு, வலது பூஜ்யம்

பூட்டு மாமா ஒரு பூட்டைப் பூட்டிவிட்டார் என்றால் வேலை முடிந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பூட்டுவார், சாவியை எடுப்பார், பத்தடி நடப்பார், நிற்பார். மனசுக்குள் ஏதோ பிராண்டும். திரும்பி வந்து பூட்டைப் பிடித்து இரண்டு இழு இழுப்பார். "உன்மேல சந்தேகம் இல்லப்பா, என்மேலதான்" என்று பூட்டிடம் சொல்லிவிட்டுப் போவார். மறுபடியும் பத்தடி. மறுபடியும் நிற்பார். மூன்றாம் தடவை திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டு.

இடுப்பில் தொங்கும் கொத்தில் முப்பத்தெட்டுச் சாவிகள். அதில் பதினாறுதான் இன்றைக்கு எதையாவது திறக்கும். மீதி எந்தப் பூட்டுக்கு என்பது அவருக்கே தெரியாது, ஆண்டவனுக்குத்தான் தெரியும். "பூட்டு தொலஞ்சுபோச்சு, அதுக்குச் சாவி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று ஒன்றையும் எறிய மாட்டார். அவர் நடந்து வந்தால் கொலுசு போட்ட யானை வருவது போலிருக்கும். அவருடைய சம்சாரம் சொல்வாள்: "இந்த மனுஷன் நெனச்சாலும் ஒரு திருட்டு பண்ண முடியாது. கடவுள் மணி கட்டித்தான் அனுப்பியிருக்கார்."

அவருக்கு இந்தச் சாவி காக்கிற வேலை வந்த விதம் சொல்ல வேண்டியது. இருபத்தேழு வருஷம் ரயில்வே கேட்டில் கேட் கீப்பராக இருந்தவர். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் மேட்டுப் பக்கம், அந்தப் பக்கம் ஏரிப் பக்கம். இரண்டு பக்கத்தாருக்கும் கும்பிடுகிற இடம் வேறு, பேச்சின் இழுப்பு வேறு, பஸ் நம்பர் மட்டும் ஒன்று. ஒருத்தர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் போக மாட்டார். ஏன் என்று கேட்டால் இரண்டு பக்கமும் இரண்டு கதை சொல்வார்கள். இரண்டு கதையிலும் ஒரு ஆடு வரும். அதற்கு மேல் எதுவும் ஒத்துப்போகாது.

பூட்டு மாமா பிறந்தது மேட்டுப் பக்கம். ஆனால் கேட்டை இறக்குவதில் அவர் பக்கம் பார்த்ததில்லை. ரயில் வர ஐந்து நிமிஷம் என்றால் ஏழு நிமிஷம் முன்னாலேயே இறக்குவார். சட்டத்துக்கு ஐந்து, தன் மனச் சமாதானத்துக்கு இரண்டு. அந்த இரண்டு நிமிஷத்துக்காக இரண்டு பக்கத்திலிருந்தும் அவர் வாங்கிய வசவுக்கு அளவே கிடையாது. பிறகு மேம்பாலம் வந்தது, கேட் போனது, அவரும் வீட்டுக்குப் போனார்.

அப்போதுதான் கேட் பக்கத்தில் சும்மா கிடந்த சரக்குக் கொட்டகையில் ஒரு கூடம் ஆரம்பித்தார்கள். படிப்பை விட்டவர்கள், வேலை கிடைக்காதவர்கள், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு தடவையாவது உட்கார்ந்து எழுந்தவர்கள், 'இது உருப்படாது' என்று சொந்த வீட்டிலேயே பேர் எடுத்தவர்கள் என்று இரண்டு பக்கத்து இளவட்டங்களுக்கும் பொதுவான கூடம். தினமும் சாயங்காலம் மோட்டார் ரிப்பேர், வயரிங், தையல். கடைசி அரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து மனசில் இருப்பதைப் பேச வேண்டும். மேலிடத்தில் போட்ட திட்டம். இரண்டு பக்கத்திலிருந்தும் ஐந்து ஐந்து பெரியவர்களைக் கூப்பிட்டுக் கமிட்டி போட்டார்கள்.

கமிட்டி முதல் நாளே சாவியில் முட்டிக்கொண்டது. சாவி யார் கையில் இருப்பது? மேட்டுப் பக்கம் சொன்ன ஆளை ஏரிப் பக்கம் ஒப்பவில்லை. ஏரிப் பக்கம் சொன்ன ஆளை மேட்டுப் பக்கம் மனுஷனாகவே ஒப்பவில்லை. மூன்று மணி நேரம் கழித்து யாரோ ஒருவர் களைத்துப்போய், "அந்தக் கேட்டுக்காரர்?" என்றார்.

"அந்த ஆளா! என் தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தவங்கள இருபது நிமிஷம் வெயில்ல நிறுத்தினவன்ங்க!" என்று குதித்தார் ஏரிப் பக்கத்து மளிகைக்காரர்.

"உங்கள மட்டுமா? எங்க அப்பா ஆஸ்பத்திரிக்குப் போற வண்டியயே நிறுத்தினான். சொந்தப் பக்கத்து ஆளுன்னு ஒரு இரக்கம் உண்டா?" என்றார் மேட்டுப் பக்கத்து மரக்கடைக்காரர்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆடு காலத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒரே வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான். பத்துக் கையும் தூக்கி அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கூடத்தை நடத்த வந்தவர் ஒரு டீச்சர். முப்பது வயசு, வெளியூர், நல்ல மனசு. வந்த அன்றே சுவரில் சிவப்புப் பெயின்டால் எழுதிவிட்டார்: 'இங்கே யாரும் யாரையும் எந்தப் பக்கம் என்று கேட்கக் கூடாது.' பேரைச் சொன்னால் பக்கம் தெரிந்துவிடும் என்று பேரையும் வேண்டாம் என்றார். அவரவருக்குப் பிடித்த பட்டப்பேர் வைத்துக்கொள்ளலாம். ரிஜிஸ்தரில் பட்டப்பேர், வயசு, ரத்த வகை, அவ்வளவுதான். அப்படி இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒல்லி, ராக்கெட், பெரிய வாத்து, சின்ன வாத்து என்று ரிஜிஸ்தரைப் படித்தால் ஏதோ பொம்மைக்கடை இருப்பு போலிருக்கும்.

அதில் 'மோட்டார்' என்பது பூட்டு மாமாவின் கடைசி மகள். வீட்டில் குட்டி. பத்தொன்பது வயசு.

குட்டிக்குப் பேச்சு திக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள், ஒரு வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்குப் பையைக் கொண்டுவந்து மூலையில் போட்டவள் மூன்று வருஷம் வாசல் தாண்டவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பூட்டு மாமா வேண்டாத வேண்டுதல் இல்லை. கூடம் ஆரம்பித்ததும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், கழற்றிப் போட்ட ஒரு மோட்டாரைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஆறு மாதத்தில் செம்புக் கம்பி சுற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. சிரிக்கவும் செய்தாள். முதல் தடவை அவள் சிரிக்கிற சத்தம் கேட்ட அன்றைக்குப் பூட்டு மாமா ஒரு பூட்டைத் திரும்பிப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மட்டும் அவள் பேசுவது குறைவுதான். அதற்குக் காரணம் பூட்டு மாமாவின் பாசம். மகள் வாயைத் திறந்து முதல் எழுத்தில் நிற்கும்போதே அவருக்குப் பொறுக்காது. அவள் கஷ்டப்படக் கூடாதென்று மீதியை அவரே சொல்லி முடித்துவிடுவார். தண்ணீரா, இந்தா தண்ணீர். தலைவலியா, இந்தா தைலம். அவள் கேட்க வந்தது கத்தரிக்கோலாக இருக்கும். தண்ணீரைக் குடித்து, தைலத்தையும் தடவிக்கொண்டு, தானே போய்க் கத்தரிக்கோலைத் தேடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. டீச்சர் படித்துவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அது கால் ஆடுகிற நாற்காலி என்பதுகூட அவர் நினைவில் இல்லை.

"என்ன டீச்சர்?"

"வர்ற வெள்ளிக்கிழம அதிகாரி வர்றாராம் மாமா. ஃபாரத்துல ரெண்டு கட்டம் இருக்கு. மேட்டுப் பக்கம் எத்தன பேர், ஏரிப் பக்கம் எத்தன பேர். ரெண்டும் கிட்டத்தட்டச் சரிபாதியா இருக்கணுமாம். இல்லேன்னா கூடத்த மூடி, மெஷினெல்லாம் வேற ஊருக்குத் தூக்கிடுவாங்களாம்."

"எழுதிட்டாப் போச்சு."

"எனக்குத் தெரிஞ்சாத்தானே மாமா எழுத?" டீச்சர் சுவரைக் காட்டினார். "நான்தான் கேக்காதேன்னு எழுதி வச்சிட்டேனே! நானே போய் எப்படிக் கேப்பேன்?"

பூட்டு மாமாவுக்குக் கண்முன்னால் ஜன்னல் வந்தது. ஜன்னலோரம் குட்டி வந்தாள்.

"பேச்சுல தெரியாதா டீச்சர்? இழுத்துப் பேசினா ஏரிப் பக்கம்."

"பாத்துட்டேன் மாமா. ஆறு மாசத்துல எல்லாம் கலந்துபோச்சு. இப்ப எல்லாருமே இழுக்கறாங்க. நானே இழுக்க ஆரம்பிச்சிட்டேன்."

பூட்டு மாமா வீட்டுக்குப் போய் மகளிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தார். "குட்டி, அந்த ஒல்லிப் பையன் எந்தப் பக்கம்மா?" குட்டி எழுந்து, வீட்டுச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் வெறும் இடத்தை விரலால் தட்டிக் காட்டினாள். அங்கே சிவப்பு எழுத்து இல்லாவிட்டாலும் இருந்த மாதிரிதான்.

"நல்லா வேணும். கேக்கக் கூடாதுன்னா கேக்கக் கூடாதுதான்" என்றாள் சம்சாரம்.

அன்று சாமி கும்பிடும்போது அவருக்கு வழி கிடைத்தது. கேட்கத்தானே கூடாது? எண்ணலாமே! இருபத்தேழு வருஷம் கேட்டைத் தாண்டுகிற வண்டியை எண்ணி நோட்டில் எழுதினவர் அவர். சாயங்காலம் கூடம் விட்டதும் வாசலில் நின்றால் முடிந்தது. இடது பக்கம் திரும்பினால் மேட்டுப் பக்கம், வலது பக்கம் திரும்பினால் ஏரிப் பக்கம். யார் வாயையும் கிண்ட வேண்டியதில்லை. பொய்யும் இல்லை. டீச்சரும், "மாமா, நீங்க தெய்வம்" என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் நோட்டும் பென்சிலுமாக வாசலில் நின்றார். பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். ஒல்லி இடது. ராக்கெட் இடது. இரண்டு வாத்தும் இடது. குட்டி இடது. எண்ணி முடித்து நோட்டைப் பார்த்தார். இடது இருபத்திரண்டு, வலது பூஜ்யம்.

ஏரிப் பக்கத்திலிருந்து ஒருத்தர்கூட இல்லையா! இத்தனை நாளாக மேட்டுப் பக்கத்துக்காரர்களையா வட்டமாக உட்காரவைத்து 'ஒற்றுமையாக இருங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்?

செவ்வாய்க்கிழமை இன்னும் ஊன்றி எண்ணினார். வலது இருபத்திரண்டு, இடது பூஜ்யம். அந்த இருபத்திரண்டில் அவர் பெற்ற மகளும் இருந்தாள். பிறந்ததிலிருந்து மேட்டுப் பக்கத்தில் குடியிருக்கிற பெண், அப்பாவுக்கு ஒரு டாட்டா காட்டிவிட்டு ஏரிப் பக்கம் போகிறாள்!

பதினாறு பூட்டையும் மும்மூன்று தடவை இழுத்துப் பார்க்க அவருக்கு எப்போதும் ஒரு மணி நேரம் ஆகும். வீட்டுக்குப் போனபோது குட்டி சமர்த்தாக உட்கார்ந்து செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"குட்டி, சாயங்காலம் எங்கம்மா போனே?"

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள். "நா... நா..." என்று நின்றது.

"நூல் வாங்கப் போனியா? சரி, சரி, அங்கதான் நல்ல நூல் கெடைக்கும்" என்று அவரே முடித்துவைத்தார். குட்டி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஊசியை எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை இருபத்திரண்டும் இடது. டீச்சர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, ஒரு மாதிரியா இருக்கு. தண்டவாளத்துல ரயில் போய் வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

வியாழக்கிழமை இருபத்திரண்டும் வலது. பூட்டு மாமாவுக்குப் பொறுக்கவில்லை. டீச்சர் உள்ளே ஃபாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு பூட்டைக்கூடத் தொடாமல் கிளம்பினார். சாவிக்கொத்தைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். இருந்தாலும் அடிக்கொரு தடவை உள்ளேயிருந்து 'கிணுங்' என்றது. அவர் நின்றால் அதுவும் நின்றது. மறுபடி நடந்தால் 'கிணுங்'. அவர் பூனை மாதிரிதான் போனார். சத்தம் மட்டும் யானை மாதிரி கூடவே வந்தது.

ஏரிப் பக்கத்துக் கடைத்தெருவில் ஒரு டீக்கடை. பிள்ளைகள் இருபத்தொரு பேரும் கடைக்கு முன்னால் சத்தமில்லாமல் நின்றார்கள். பூட்டு மாமா நிறுத்தியிருந்த ஒரு லாரிக்குப் பின்னால் ஒதுங்கினார். குட்டி மட்டும் தனியாகப் போய்க் கடைக்காரர் முன்னால் நின்றாள்.

"அ... அண்ணே..."

"சொல்லும்மா. டீயா? எத்தன? பத்தா, பன்னெண்டா?" என்றார் கடைக்காரர். பாவம், அவரும் நல்ல மனுஷன்தான்.

"ஷ்ஷ்!" என்று இருபத்தொரு வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. குக்கர் ஆவி விட்ட மாதிரி இருந்தது. கடைக்காரர் கையிலிருந்த வடிகட்டியோடு உறைந்துபோனார்.

"அது சொல்லும்ணே. அதுக்குத்தான வந்திருக்கோம்" என்றான் ஒல்லி. "நேத்து மேட்டுப் பக்கம் கடையில சொல்லிருச்சு. இன்னிக்கு உங்க கட. ஒரு நாளு அந்தப் பக்கம், ஒரு நாளு இந்தப் பக்கம். முறதான்."

"நாங்க பாதிப் பேரு அப்புறம் திரும்பி நடக்கணும். அது எங்க கவல, நீங்க பொறுமையா இருங்க" என்றாள் பெரிய வாத்து.

யாரும் அவசரப்படவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ராக்கெட் வானத்தைப் பார்த்தான். குட்டி மூச்சை இழுத்துக்கொண்டாள். லாரிக்குப் பின்னால் பூட்டு மாமாவின் நாக்கு நுனியில் 'இருபத்திரண்டு டீ' வந்து குதித்தது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். துண்டு எழுந்ததும் சாவி 'கிணுங்' என்றது. குட்டி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் காது ஒருதரம் அசைந்தது போலிருந்தது.

"இ... இருபத்தி... மூ... மூணு டீ."

சொல்லிவிட்டாள். முழுசாக, தானே.

பூட்டு மாமாவுக்குக் கண்ணில் நீர் கட்டியது. ஆண்டவனை நினைத்துக்கொண்டார். அதே நேரத்தில், இருபத்தேழு வருஷம் எண்ணின மனசு சும்மா இருக்கவில்லை. இருபத்திரண்டு பேர்தானே, ஒன்று எப்படிக் கூடியது? பதற்றத்தில் பிள்ளை கணக்கைத் தப்பவிட்டுவிட்டாள் போல. போகட்டும் என்று, பிடிபடுவதற்குள் வந்த வழியே ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். வழியெல்லாம் 'கிணுங், கிணுங்'. அதைவிட உரக்க மனசுக்குள் ஒன்று கேட்டது. மூன்று வருஷமாக அவள் வாயைப் பூட்டியது பள்ளிக்கூடம். தினமும் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தது யார்?

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். தோல்பை, கறுப்பு மூக்குக்கண்ணாடி. வந்ததும் கால் ஆடுகிற அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். யாருக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை.

"டீச்சர், கட்டம் ரெண்டும் காலியா இருக்கே?"

டீச்சர் பேனா மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார்.

"சரி, நானே பாத்துக்கறேன்." அதிகாரி எழுந்தார். "மேட்டுப் பக்கத்துக்காரங்க எல்லாம் கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. மேலே மின்விசிறி மட்டும் டக், டக் என்று சுற்றியது.

"ஏரிப் பக்கம்?"

டக், டக்.

"என்ன, வெளயாடறீங்களா? இப்படியே எழுதிக்கிட்டுப் போகவா?"

குட்டி எழுந்தாள்.

"சா... சார்... இ... இ..."

"என்னம்மா, இந்தப் பக்கமா? மேட்டுப் பக்கம்தானே? ஒண்ணுன்னு போட்டுக்கவா?" என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

"ஷ்ஷ்!"

எல்லாரும் திரும்பினார்கள். சத்தம் வந்தது பூட்டு மாமாவிடமிருந்து. உதட்டில் வைத்த விரலை எடுக்கவும் அவருக்கு மறந்துபோயிருந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அதிகாரியிடம் யாரும் 'ஷ்' என்று சொன்னதில்லை. அந்த ஆச்சரியத்தில் மறுபடி உட்கார்ந்தார். நாற்காலி ஒருபக்கம் சாய்ந்தது, அவரும் சாய்ந்தே இருந்தார்.

"பிள்ள பேசுது சார். முடிக்கட்டும்" என்றார் பூட்டு மாமா. கைகூப்பித்தான் சொன்னார்.

மின்விசிறி எத்தனை சுற்று சுற்றியதோ. பூட்டு மாமா சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயை மட்டும் திறக்கவில்லை. பூட்டினார் ஒருமுறை, இழுத்துப் பார்க்கவில்லை.

"இ... இங்க... அத... கே... கேக்கக் கூடாது சார். செ... செவுத்துல எழுதியிருக்கு."

அதிகாரி கழுத்தைத் திருப்பிப் படித்தார். இரண்டு தரம் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார் கடைசியில். "அப்போ இந்தக் கட்டத்துல நான் என்னத்த எழுத? என் தலையையா? சரிபாதின்னு எங்கிட்ட ஒரு எண்ணிக்க இல்லேன்னா மேல யாரும் கேக்க மாட்டாங்க. மூடச் சொல்லிருவாங்க."

"எண்ணிக்க இருக்கு சார்" என்று பூட்டு மாமா நோட்டை நீட்டினார். "கேட் எண்ணிக்க. ரயில்வே முற."

அதிகாரி புரட்டினார். தேதி, நேரம், இடது, வலது, கீழே கையெழுத்து. ஒழுங்கான நோட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. விரல்விட்டுக் கூட்டினார். "நாலு நாள். இடது நாப்பத்தி நாலு. வலது நாப்பத்தி நாலு. நாலால வகுத்தா நாள் ஒண்ணுக்கு இடது பதினொண்ணு, வலது பதினொண்ணு. அட! துல்லியமா சரிபாதி!"

பூட்டு மாமாவுக்கு மனசாட்சி குத்தியது. கடவுளுக்குப் பயந்தவர். "சார், ஒரு விஷயம். திங்கக்கிழம பாத்தீங்கன்னா, மொத்தப் பேருமே..."

"ஷ்ஷ்!" என்றார் அதிகாரி, உதட்டில் விரலை வைத்து. கட்டத்தில் பதினொன்று, பதினொன்று என்று எழுதி, முத்திரை குத்தி, பையை மூடினார். அவருக்குக் கூட்டல் தெரியாது என்று சொல்ல முடியாது. போகும்போது குட்டி சுற்றிய மோட்டார் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, "தேன் மாதிரி ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் குட்டி அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். "அ... அப்பா..."

"என்னடி, தண்ணியா?" என்று சம்சாரம் அடுப்படியிலிருந்து எழுந்தாள்.

"ஷ்ஷ்!" என்றார் பூட்டு மாமா.

"என்னது! என்னையா?"

"உன்னையும்தான். அது சொல்லட்டும்."

சம்சாரம் கரண்டியோடு அப்படியே நின்றாள். கலியாணமாகி முப்பது வருஷத்தில் அவள் அப்படி நின்றது அதுதான் முதல்.

"நே... நேத்து... சா... சாவி சத்தம் கேட்டுச்சு. டீக்கட வரைக்கும்... கேட்டுச்சு. அ... அந்த இருபத்தி மூணாவது டீ... உங்களுக்குத்தான்ப்பா. வா... வாங்கி வச்சிட்டுத் திரும்பினா... நீங்க... ஓடிட்டீங்க. ஆறிப்போச்சு."

திங்கட்கிழமை சாயங்காலம் கூடம் விட்டதும் பூட்டு மாமா ஒரே ஒரு தடவை பூட்டினார். சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு சேர்ந்து இடது பக்கம் திரும்பினார். பாதி வழியில் அவர் நடை தளர்ந்தது. ஒல்லி கவனித்துவிட்டான்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்லப்பா. பூட்டினேனான்னு..."

யாரும் அவர் பேச்சை முடித்துவைக்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. இருபத்திரண்டு பேரும் பேசாமல் திரும்பி அவரோடு நடந்தார்கள். வரிசையாக நின்று, ஆளுக்கொரு தரம் பூட்டை இழுத்துப் பார்த்தார்கள். கடைசியாக இழுத்தவள் குட்டி.

"பூ... பூட்டியாச்சுப்பா" என்றாள். பூட்டு மாமா பத்தடி நடந்தார். அதற்குப் பிறகும் நடந்துகொண்டே போனார்.